காலைப் பிடித்தவர்

எனக்கு இரண்டு கால்கள். ஒன்று நடப்பதற்கு, இன்னொன்று வீங்குவதற்கு. காலைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதெல்லாம் இப்படித்தான் சொல்கிறேன், சொல்லிவிட்டு நானே முதலில் சிரித்துவிடுகிறேன். இந்தத் துணிச்சல் எனக்குப் பிறவியில் வந்ததல்ல. இது வருவதற்கு முன்னால் என் வாயால் ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெடுத்திருக்கிறேன். அவர் வேறு யாருமில்லை, என் கணவர்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. இரண்டு வயதில் வந்த போலியோ காய்ச்சல் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. ஏழு வயதிலிருந்து கேலிப்பர் போட்டிருக்கிறேன். காலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முட்டிக்கு மேலும் கீழும் தோல் வார், அடியில் ஒரு கனமான பூட்ஸ். நடந்தால் டக், டக் என்று சத்தம் வரும். பள்ளிக்கூடத்தில் நான் வருவது வகுப்புக்கு முன்பே தெரிந்துவிடும். அதைப் பற்றி எனக்குப் பெரிய வெட்கம் இருந்ததில்லை. கேலிப்பர் போட்ட பிள்ளைகள் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒன்று இருந்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணம் முடிந்து பெங்களூருக்கு வந்தேன். லிங்கராஜபுரத்தில் ஒரே வரிசையில் ஐந்து வீடுகள், நடுவில் ஒரு குழாய், குறுக்கே ஒரு துணிக்கொடி. லைன் வீடு என்போம். எங்களுடையது இரண்டாவது. கணவருக்கு மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை. எரிந்துபோன ஃபேன், தண்ணீர் மோட்டார் இவற்றின் பழைய செப்புக் கம்பியைப் பிரித்தெடுத்துப் புதிய கம்பி சுற்றுவார். எனக்கு ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் ஒரு எஸ்.டி.டி. டெலிபோன் பூத் கிடைத்தது. மெயின் ரோட்டில் மஞ்சள் போர்டு, ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. நாள் முழுக்க அந்த நாற்காலிதான் என் ராஜ்ஜியம்.

ராஜ்ஜியம் நன்றாகத்தான் நடந்தது, கால்தான் அடங்கவில்லை. பத்து மணி நேரம் தொங்கப் போட்டிருந்தால் சூம்பிய கால் கூட வீங்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கேலிப்பர் வாரில் ஆறு ஓட்டைகள் உண்டு. காலையில் ஐந்தாவது ஓட்டையில் மாட்டுவேன். மத்தியானம் நான்கு, சாயங்காலம் மூன்று. பிறகு இரண்டாவது ஓட்டைக்கு வந்து நின்றது. பூட்ஸைக் கழற்றினால் பாதம் பன் மாதிரி உப்பியிருக்கும். கட்டை விரலால் அழுத்தினால் பிசைந்த மாவில் அழுத்தியதுபோலக் குழி விழுந்து, வெகுநேரம் அப்படியே நிற்கும். சூம்பிய கால் குச்சியாக இருக்கும்வரை பாவம் பார்த்தார்கள். அது வீங்க ஆரம்பித்தால் வேறு ஒரு பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெயர் யானைக்கால். சின்ன வயதில் வேலூர்ப் பக்கம் உறவினர் கல்யாணத்துக்குப் போனபோது, சந்தையில் யானைக்கால் வந்த ஒரு பெண்மணி காய் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் பேரம் பேசவில்லை. வாங்கவே இல்லை, பிறகு பேரம் எங்கே? அம்மா என் கையைக் கிள்ளி, "பாக்காத, ஒட்டிக்கும்" என்று இழுத்துக்கொண்டு போனாள். பார்த்தால் ஒட்டிக்கொள்ளாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் கிள்ளியது கையில் நின்றுவிட்டது. பெங்களூருக்கு வந்த புதிதில், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "ஆனேக்கல்! ஆனேக்கல்!" என்று ஊர்ப் பெயரைச் சொல்லி ஆள் கூப்பிட்டபோது, கன்னடத்தில் யானைக்காலைத்தான் சொல்கிறான், என்னைப் பார்த்துத்தான் சொல்கிறான் என்று புடவையை இறக்கிவிட்டுக்கொண்டேன். ஒசூர்ப் பக்கம் போகிற ஒரு பஸ் என்னைக் கேலி செய்யும் என்று நம்புகிற அளவுக்கு முட்டாளாக இருந்தேன்.

ஆகவே மறைத்தேன். புடவையை ஒரு விரற்கடை இறக்கிக் கட்டினேன். பூத்தில் மேஜைக்குக் கீழே அட்டைப் பெட்டியைப் பிரித்து ஆணியடித்து, முன்பக்கம் முழுக்க மறைத்தேன். எதற்கென்று கேட்டவர்களிடம் எலி என்றேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஊருக்குப் பேசுகிறவர்கள் எல்லாரும் பொய் சொல்வார்கள். வேலை போனவன் வேலையில் இருப்பதாகச் சொல்வான், காய்ச்சலில் நடுங்குகிறவள் நல்லா இருக்கேன் என்பாள். கேட்டுக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரும். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று மட்டும் யோசித்ததில்லை.

கணவர்தான் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழும் பேசுவார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஆனெ காலு அல்லம்மா. நடந்தா சதை பம்பு மாதிரி ரத்தத்தை மேல தள்ளும். உன் கால்ல சதையே இல்ல, பம்பு இல்ல. நீரு கீழயே நிக்குது, அஷ்டே, அவ்ளோதான்" என்றார். அவர் 'ஆனெ காலு அல்ல' என்று சொன்னதில் எனக்கு 'அல்ல' காதில் விழவில்லை, 'ஆனெ காலு' மட்டும் விழுந்தது.

வீக்கம் ஒரேயடியாகப் போகாது, கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. காலையில் கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே க்ரேப் பேண்டேஜ் சுற்ற வேண்டும். விரல்களிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். கீழே இறுக்கம், மேலே போகப் போகக் கொஞ்சம் தளர்வு. மாற்றிச் சுற்றினால் நீர் கீழேயே சிக்கிக்கொள்ளும். விரலிடுக்கில் ஈரம் இருக்கக் கூடாது, புண் வரக் கூடாது. ஒரு நாளில் மூன்று தடவை படுத்துக்கொண்டு நெஞ்சைவிட உயரத்தில் காலைத் தூக்கி வைக்க வேண்டும். பூத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் ஸ்டூலின் மேல் நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

பூத்தில் எப்படி நீட்டுவது? வருகிறவர்கள் முகத்துக்கு நேராகவா? வீட்டில் தூக்கி வைப்பதும் லேசாக இல்லை. கட்டிலைச் சுவரோரம் போட்டால் எதிரே இருதய ஆண்டவர் படம். திருப்பிப் போட்டால் தெரு வாசல். கடைசியில் சமையல் மேடையைப் பார்த்துக் காலை நீட்டினேன். அடுப்பு மட்டும்தான் கோபித்துக்கொள்ளாது என்று தோன்றியது.

பேண்டேஜ் இன்னும் மோசம். என் இடது கால் தானாக மடங்கி மேலே வராது. அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு கையால் சுற்றினால் ஒரு சுற்று நழுவும், அடுத்தது வெட்டும். ஒரு வாரம் நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் தொடையின் மேல் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, வாணாங்க" என்று இழுத்தேன்.

"ஆடாத. காயிலு சுத்துறவன் நானு. டென்ஷன் ஒரே மாதிரி இருக்கணும், அவ்ளோதான்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பாதிக்குப் பாதி ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு சுருக்கம் இல்லாமல் சுற்றினார். விரலிடுக்கெல்லாம் பழைய பனியன் துணியால் ஒற்றி, பவுடர் போட்டு, பிறகு சுற்றுவார். பேண்டேஜ் முனையைப் பிடித்து நிறுத்தப் பல்லுள்ள சின்னத் தகரக் கிளிப்புகள் இரண்டு உண்டு. சுற்றி முடிக்கும்வரை அவற்றை உதட்டுக்கு நடுவே வைத்துக்கொள்வார். கடையில் அப்படி எதையாவது வாயில் வைத்துக்கொண்டு வேலை செய்து பழக்கம். கிளிப்பை மாட்டிய பிறகுதான் வாயைத் திறப்பார். "டைட்டா இருக்குதா?" என்று கேட்பார். தினமும் அதே கேள்விதான்.

எனக்குக் கூசும். புருஷன் மடியில் காலை வைக்கிறவள் என்ன பொம்பளை என்று எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கும். அவருக்கு அதெல்லாம் இல்லை. எனக்காகத்தான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலுக்கும் துணி மாட்டினோம். காலை நேரத்தில் கதவைச் சாத்துகிற ஒரே வீடு எங்களுடையது என்பதால், லைனில் இளம் பெண்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைவிட அது கௌரவமாக இருந்தது.

அவரைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். அவரும் தங்கவயல்தான். அவருடைய அப்பா குடித்தே செத்தவர். சாராயக்கடை வாசலில் விழுந்து கிடந்த அப்பாவைப் பத்து வயதில் தோளில் சாய்த்து வீடு வரை இழுத்துக்கொண்டு வந்த கதையை ஒரே ஒரு தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் குடி என்கிற பொருளைத் தொட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு திராட்சை ரசம் கொடுப்பார்களே, அதைக்கூட வாங்கி அப்படியே வைத்துவிடுவார். குடிக்காதவர் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பெருமை. வேறு எதையும் அவர் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

எங்கள் லைனின் சொந்தக்காரி முதல் வீட்டில் இருந்தார். வீட்டுக்கார அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபம் சொல்லும் குழுவுக்கும் அவர்தான் தலைவி. பெரிய வியாழனன்று எங்கள் கோயிலில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். ஏசுநாதர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு ஆண்களின் வலது காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். குழுவுக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். நல்ல நடத்தையுள்ள குடும்பஸ்தன் என்று ஊரறியச் சொல்வதுபோல் அது. கழுவப் போகிற காலை வீட்டிலேயே கல்லில் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டிக்கொண்டு போவார்கள். அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் என் கணவரைத் தெருவில் நிறுத்தி, "இந்தத் தடவ ஒங்க பேரத்தான் குடுக்கப் போறாங்களாம்" என்றாராம். வந்து என்னிடம் சொன்னபோது முகத்தைக் காட்டாமல் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அவர் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார். பாதம் முடிந்து கணுக்கால் வரை சுற்றியிருந்தார். வீட்டுக்கார அம்மா தட்டினாரோ தட்டவில்லையோ, கதவு திறந்தது. நான் சட்டென்று புடவையை இழுத்து என் காலின் மேலும் அவர் கைகளின் மேலும் போட்டு மூடினேன். அந்த அம்மா பார்த்தது இதுதான்: கட்டிலில் நான், தரையில் அவர், தலை குனிந்திருக்கிறது, இரண்டு கைகளும் என் காலில்.

"இன்னாம்மா இது, காலைப் புடிச்சிக்கினு?" என்றார்.

கணவர் வாயில் கிளிப்பு. பேச முடியாது. நான்தான் பேச வேண்டும். பேண்டேஜ் என்று சொன்னால் எதற்கு என்பார், காலைக் காட்டு என்பார், பார்த்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்வார், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது. எங்கள் லைனில் புருஷன் காலைப் பிடிப்பது பார்த்திராத காட்சியும் அல்ல. நாலாவது வீட்டுப் பெயிண்டர் வாரம் தவறாமல் குடித்துவிட்டு வந்து, மறுநாள் காலையில் வாசலிலேயே பெண்டாட்டி காலில் விழுவான். அந்தப் பொய் கைக்கு எட்டும் தூரத்தில் தயாராகக் கிடந்தது. எடுத்துவிட்டேன்.

"நேத்து குடிச்சிட்டு வந்தாரும்மா. அதான் மன்னிப்பு கேக்குறாரு."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். உதட்டில் அந்த இரண்டு கிளிப்புகளும் அப்படியே இருந்தன. வீட்டுக்கார அம்மா, "இவருமா?" என்றார். என்னவோ சொல்ல வந்தவர், அதைச் சொல்லாமல் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். இவர் மறுபடி குனிந்து, புடவைக்கு அடியிலேயே மிச்சத்தைச் சுற்றி முடித்தார். கிளிப்பை எடுத்து மாட்டினார்.

"டைட்டா இருக்குதா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பன்னிரண்டு பெயர்களை வாசித்தார்கள். எங்கள் குழுவின் பெயர் வந்தபோது அவர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசித்தது நாலாவது வீட்டுப் பெயிண்டரின் பெயர். தவக்காலத்துக்காகக் குடியை நிறுத்தியிருந்தானாம், அவனை உற்சாகப்படுத்த வேண்டுமாம். வீட்டுக்கார அம்மா அன்று வந்தது இவர் பெயரைக் கொடுத்தாயிற்று என்று சொல்லத்தான். திரும்பிப் போய் அந்தப் பெயரை அடித்துவிட்டுப் பெயிண்டரின் பெயரை எழுதியிருக்கிறார். வெளியே வரும்போது உபதேசியார் இவர் தோளில் கைபோட்டு, குடியை விடுவதற்கான தியானக் கூட்டத்தின் நோட்டீஸ் ஒன்றைக் கையில் திணித்தார். இவர் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அழுதேன். "நீங்க உண்மையச் சொல்லிருக்கலாமே, அந்த உபதேசியார்கிட்டயாவது" என்று அவர்மேலேயே பாய்ந்தேன். தப்பு செய்தவளுக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"ஒன் காலு. நீதான் சொல்லணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

நான் சொல்லவில்லை. பெரிய வியாழனன்று பெயிண்டர் வெள்ளை வேட்டியில் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து காலை நீட்டினான். இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்த பிறகும் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் ஈஸ்டர் மத்தியானமே பழைய ஆளாகிவிட்டான். அதற்குச் சிரிக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

அதன் பிறகு அவர் கை என் காலில் படுவதை என்னால் தாங்க முடியவில்லை. "இனிமே நானே கட்டிக்கிறேன்" என்றேன். ஒரு கையால் கட்டினேன். கீழே தளர்வாக, மேலே இறுக்கமாக, டாக்டரம்மா எப்படிக் கூடாது என்றாரோ அப்படியே கட்டினேன். விரலிடுக்கை என்னால் எட்டித் துடைக்க முடியாது, விட்டுவிட்டேன். மழைக்காலம் வந்தபோது இடுக்கில் புண் வந்தது. அதையும் மறைத்தேன். ஒரு மத்தியானம் பூத்தில் உட்கார்ந்திருக்கும்போதே குளிரில் பல் கிட்டியது. கால் முழங்கால் வரை சிவந்து கொதித்தது. கூண்டுக்குள் பேசிக்கொண்டிருந்தவர் போனை வைத்துவிட்டு ஓடிப்போய் ஆட்டோ கூட்டி வந்தார்.

பத்து நாள் ஆஸ்பத்திரி. காலைக் காப்பாற்றிவிட்டோம், இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா திட்டினார். கால் கம்பியில்லாமல், கட்டு இல்லாமல், மூன்று தலையணையின் மேல் எல்லாரும் பார்க்கும்படி கிடந்தது. அப்போதுதான் வீட்டுக்கார அம்மா ரொட்டியும் சாத்துக்குடியும் எடுத்துக்கொண்டு வந்தார். தூரத்தில் பார்த்ததுமே போர்வையை இழுத்தேன். கை எட்டவில்லை.

"எதுக்கும்மா இழுத்துப் போத்துற? சும்னே இரு" என்றார் அவர். லிங்கராஜபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் கன்னடம் கலந்துதான் வரும். "நாங்க பாக்காத காலா? நாலு வருஷமா கொடியில பாவாடைக்கு அடியில பேண்டேஜு காயுது. காத்தடிச்சா பாவாடை பறக்காதா? காலு வீங்குதுன்னு லைன் பூரா தெரியும். பாவம், ஒண்டியா கட்டிக்கினு கஷ்டப்படுறியேன்னு பேசிக்குவோம்."

நாலு வருடம் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குத் துணி கட்டி, மேஜைக்கு அட்டை அடித்து மறைத்த ஒன்றை இவர்கள் குழாயடியில் பேசிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருவரும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

"நான் கட்டிக்கலம்மா" என்றேன். "அவருதான் கட்டுவாரு. தினமும். அன்னிக்கு நீங்க பாத்தது அதான்."

வீட்டுக்கார அம்மா சாத்துக்குடியை உரிப்பதை நிறுத்தினார். "அப்ப குடிச்சாருன்னியே?"

"குடிக்கல. ஒரு நாளும் குடிச்சதில்ல. கால மறைக்கறதுக்கு நான் சொன்ன பொய்."

அந்த அம்மா மெதுவாக, "காலு எங்களுக்குத் தெரியும்மா. குடிக்கிறாருன்னுதான் தெரியாது. அத நீ சொல்லித்தான் தெரியும்" என்றார். "லிஸ்ட்டுல அந்தப் பேர அடிச்சது இந்தக் கைதான்" என்று தன் கையைப் பார்த்தார். உரித்த சாத்துக்குடியை என்னிடம் கொடுத்துவிட்டு, எழுந்து போனார்.

அவர் நேர்மையானவர். லைனில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார், உபதேசியாரிடமும் சொன்னார். ஆனால் அதற்குள் குடிகாரர் என்ற பேச்சு எங்கள் லைனைத் தாண்டி எங்கெங்கோ போயிருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ இவரிடம், "இப்ப வுட்டுட்டீங்களாமே, ரொம்ப சந்தோசம்" என்று கை கொடுத்தார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்று கையைக் கொடுத்தார். கூட்டத்தில் எனக்கு அவமானம் வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த தவக்காலத்தில் வீட்டுக்கார அம்மா இவர் பெயரைக் கொடுத்தார். இவர் வேண்டாம் என்றார். அந்த அம்மா விடவில்லை. பெரிய வியாழனன்று மத்தியானம் இவர் குழாயடியில் உட்கார்ந்து வலது காலைத் தேய்த்தார், தேய்த்தார், தோல் சிவக்கும்வரை தேய்த்தார். பிறகு உள்ளே வந்து என் காலைக் கட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மறுபடி அவர்தான் கட்டுகிறார், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

கோயிலுக்கு ஒரு முக்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பன்னிரண்டு பேரோடு உட்காரப் போவதற்கு முன்னால், பெஞ்சு ஓரத்தில் என்னை உட்காரவைத்து, கேலிப்பரோடு காலைத் தூக்கி முக்காலியில் வைத்தார். "பீடத்தப் பாத்துக் காலை நீட்டுறதா?" என்று பதறினேன். "இன்னிக்குக் காலைக் கழுவுற நாளு. காலைப் பாத்து ஆண்டவர் கோச்சிக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். புடவை கணுக்காலுக்கு மேல் ஏறிப் பேண்டேஜ் தெரிந்தது. இழுத்துவிடவில்லை.

பன்னிரண்டு நாற்காலிகள். இவருக்கு ஏழாவது. சாமியார் முழந்தாளிட்டு, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, இவர் காலைத் துடைத்துக் குனிந்து முத்தமிட்டார். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். என்னை அடுத்து உட்கார்ந்திருந்த பெண்மணி வேறு தெருவைச் சேர்ந்தவர், எனக்கு முன்பின் தெரியாது. நான் யார் என்று அவருக்கும் தெரியாது. என் காதோரம் சாய்ந்து, "அந்த ஏழாவது ஆளு, மகா குடிகாரனா இருந்தாராம். பொண்டாட்டி காலையே புடிச்சிக்கினு அழுவாராம். இப்ப எப்படித் திருந்திட்டாரு பாரு, ஆண்டவரோட கிருபை" என்றார்.

"நான்தாங்க அந்தப் பொண்டாட்டி" என்றேன். "அவரு குடிச்சதே இல்ல. என் வீங்கின கால மறைக்க நான் சொன்ன பொய் அது. இதோ பாருங்க, இத அவருதான் தினமும் கட்டுறாரு." புடவையை இன்னும் ஒரு சாண் தூக்கிக் காட்டினேன்.

அவர் பேண்டேஜைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முகம் கனிந்து, என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

"அப்படித்தாம்மா சொல்லணும். புருஷன வுட்டுக்குடுக்கக் கூடாது."

அதற்கு மேல் என்ன சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. பூசை முடிந்ததும் இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இன்னும் செருப்புப் போடாத காலோடு என்னிடம் வந்தார். "அந்தம்மா உன் கையப் புடிச்சிக்கினு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"உங்கள நான் வுட்டுக்குடுக்கக் கூடாதாம்" என்றேன்.

அவர் கீழே உட்கார்ந்து, கழன்றிருந்த கிளிப்பு ஒன்றை எடுத்து மறுபடி மாட்டினார்.